ஸ்டாண்ட் வளைந்தாலும் தொட்டி வளையாது

வெல்டிங் பட்டறையில் மீன் தொட்டிக்கு ஸ்டாண்ட் செய்யச் சொன்னால் முதலில் கிடைக்கும் உத்தரவாதம் இதுதான்: "யானையே ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது சார்."

அவர் சொல்வது பொய் இல்லை. ஒன்றரை இஞ்ச் சதுர பைப், 14 கேஜ் (கேஜ் என்பது பைப் சுவரின் தடிமன்; எண் குறையக் குறையத் தடிமன் கூடும்). அதில் ஒரே ஒரு காலை நேராக நிறுத்தி மேலிருந்து அழுத்தினால், நசுங்குவதற்கு ஆறேழு டன் வேண்டும். நான்கடித் தொட்டி தண்ணீர், மணல், கல் எல்லாம் சேர்த்தும் அரை டன்னைத் தொடாது. ஆனாலும் அப்படிப்பட்ட ஸ்டாண்டில் வைத்த தொட்டிகள் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மூலையில் கசிய ஆரம்பிக்கின்றன. சில தொட்டிகளில் அடிக்கண்ணாடி குறுக்கே கீறல் விடுகிறது. ஸ்டாண்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தொட்டிதான் போயிருக்கும்.

யானையின் பாதம் மெத்தென்றிருக்கும். பலகை ஒரு நூல் தாழ்ந்தால் பாதமும் அதோடு தாழ்ந்து உட்காரும். கண்ணாடி அப்படி உட்காராது. தச்சரும் வெல்டரும் ஒரு நூல் என்று சொல்வது எட்டில் ஒரு பங்கு இஞ்ச், அதாவது ஏறக்குறைய 3 மி.மீ. அந்த ஒரு நூல் எங்கிருந்து வருகிறது, அதை எப்படி வராமல் செய்வது என்பதுதான் ஸ்டாண்ட் விஷயத்தில் முக்கால் பங்கு.

கணக்குக்கு நம் வீடுகளில் அதிகம் பார்க்கும் அளவையே எடுத்துக்கொள்கிறேன்: நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 10 மி.மீ. கண்ணாடி. மொத்தம் 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் 255 லிட்டர். மேலே இரண்டு இஞ்ச் விட்டு நிரப்பினால் சுமார் 226 லிட்டர், அதாவது 226 கிலோ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் இரண்டரை கிலோ. இந்தத் தொட்டிக்கு ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். இரண்டு இஞ்ச் மணல் போட்டால் அது சரியாக ஒரு கன அடி, 45 கிலோ. அந்த மணல் ஒதுக்கும் தண்ணீர் 17 லிட்டரைக் கழித்துக்கொள்ளலாம். கல், வேர்க்கட்டை, மூடி, லைட், ஃபில்டர் எல்லாம் சேர்த்து இன்னொரு பதினைந்து இருபது கிலோ. ஆக 325 கிலோ பக்கம் நிற்கும். 350 என்று வைத்தே ஸ்டாண்டைத் திட்டமிடுங்கள். வேறு அளவுத் தொட்டி என்றால் கன அடிக்கு 40 கிலோ என்று பெருக்கினால் போதும், பெரிய பிழை வராது.

கண்ணாடியும் ஒரு உத்தரம்தான்

தண்ணீரின் எடை தொட்டியின் அடிப்பரப்பு முழுவதும் ஒரே சீராக அழுத்துகிறது. அடிக்கண்ணாடிக்குக் கீழே எல்லா இடத்திலும் ஆதாரம் இருந்தால், அந்த எடை கண்ணாடியை வளைக்காமல் நேரே ஊடுருவிப் பலகைக்குப் போய்விடும். பலகையிலிருந்து மேல் சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து காலுக்கு, காலிலிருந்து தரைக்கு. கண்ணாடிக்கு இதில் வேலையே இல்லை. நசுக்கும் விசையைக் கண்ணாடி எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். இழுவிசைதான் அதற்கு ஆகாது.

இப்போது மேல் சட்டத்தின் நடுப்பகுதி எடையில் கொஞ்சம் தொய்கிறது என்று வையுங்கள். தொட்டியும் கூடவே தொய்யும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொய்யாது. முன்பக்கக் கண்ணாடி 10 மி.மீ. தடிமன், பதினெட்டு இஞ்ச் உயரம், விளிம்பில் நிற்கிறது. அதை ஒரு உத்தரமாகப் பார்த்தால், ஒன்றரை இஞ்ச் 14 கேஜ் பைப்பைவிட நானூறு மடங்குக்கும் மேல் விறைப்பு. ஸ்டாண்ட் நடுவில் இறங்கிவிடும், தொட்டி அங்கேயே நின்றுவிடும். இரண்டு முனையில் மட்டும் உட்கார்ந்து, நடுவில் பாலம்போல. அதன்பின் ஸ்டாண்ட் செய்ய வேண்டிய வேலையைத் தொட்டி செய்துகொண்டிருக்கிறது. நீளவாட்டக் கண்ணாடிகளின் கீழ் விளிம்பில் இழுவிசை ஏறுகிறது. நடுவில் ஆதாரம் இல்லாத அடிக்கண்ணாடி தண்ணீரைத் தானே சுமந்து வளைகிறது. அந்த வளைவு நான்கு பக்கத்து சிலிகான் மூட்டையும் இரவு பகலாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. சிலிகான் உடனே விடாது. அதனால்தான் கசிவு மாதங்கள் கழித்து வருகிறது, அதனால்தான் பழியும் தொட்டி ஒட்டியவர் மேல் போகிறது.

எவ்வளவு தொய்யும்? 350 கிலோவை முன்சட்டமும் பின்சட்டமும் பாதிப் பாதியாகச் சுமக்கின்றன. ஆளுக்கு 175 கிலோ, நான்கடி நீளத்துக்கும் பரவலாக, நடுவில் கால் இல்லாமல். முனைகள் காலின் மேல் வெறுமனே உட்கார்ந்திருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது:

ஒரு இஞ்ச் சதுர பைப், 16 கேஜ்: 14 மி.மீ. தொய்வு. அரை இஞ்சுக்கும் மேல். பைப்பும் நிரந்தரமாக வளைந்துவிடும் எல்லையின் பக்கத்தில் இருக்கும்.

இரண்டு இஞ்சுக்கு ஒரு இஞ்ச் பைப், 14 கேஜ், படுக்க வைத்து: ஆறரை மி.மீ.

அதே இரண்டுக்கு ஒன்று, செங்குத்தாக: இரண்டு மி.மீ.க்குச் சற்று மேல்.

ஒன்றரை இஞ்ச் சதுரம், 14 கேஜ்: 3 மி.மீ. சரியாக ஒரு நூல்.

வெல்டிங் பிடிப்பு இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். ஆனால் ஒப்பீடு மாறாது. ஒரே பைப், ஒரே விலை, ஒரே எடை. படுக்க வைப்பதா நிமிர்த்துவதா என்பதில் மட்டும் மூன்று மடங்கு வித்தியாசம். அகலமான பக்கம் மேலே இருந்தால் பலகை நன்றாக உட்காரும் என்று பட்டறையில் படுக்க வைத்து வெல்டு அடிப்பார்கள். கேட்டுத் தடுக்க வேண்டிய முதல் விஷயம் அது.

இரண்டாவது விஷயம் நடுக்கால். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஒரே சீரான பாரத்துக்குத் தொய்வு என்பது இடைவெளியின் நான்காம் மடியில் ஏறும். இடைவெளியைப் பாதியாக்கினால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டரை அடி பைப் இரண்டு துண்டு கூடுதலாக வாங்கினால், ஒன்றரை இஞ்ச் சட்டத்தின் 3 மி.மீ. தொய்வு கால் மி.மீ.க்குக் கீழே போய்விடுகிறது. பைப்பை இன்னும் கனமாக்கி இந்தப் பலனை அடைய வேண்டுமென்றால் காசும் எடையும் எங்கேயோ போய்விடும். மூன்றடி வரை ஒன்றரை இஞ்ச் பைப்பில் நான்கு கால் போதும். மூன்றடியைத் தாண்டினால் ஆறு கால் கேளுங்கள். "நடுவுல கால் வந்தா பார்க்க நல்லா இருக்காது" என்று சொன்னால், முன் நடுக்காலைக் கதவுக்குப் பின்னால் இரண்டு இஞ்ச் உள்ளே தள்ளி வைக்கலாம். கதவு மூடியிருக்கும்போது யாருக்கும் தெரியாது. அப்படித் தள்ளும்போது அதன் தலைக்கு நேராக ஒரு குறுக்குச் சட்டம் முன்சட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கால் வெறும் பலகையைத்தான் தாங்கிக்கொண்டிருக்கும்.

எதன் மேல் எது உட்காருகிறது

பட்டறைக்காரரிடம் கேட்க ஒரே கேள்வி உண்டு: "அண்ணே, மேல் சட்டம் காலுக்கு மேலே உட்காருதா, காலுக்குப் பக்கத்துல ஒட்டுதா?"

காலுக்கு மேலே உட்கார்ந்தால் எடை இரும்பிலிருந்து இரும்புக்கு நேரே இறங்கும். வெல்டிங் இடத்தை விட்டு நகராமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். பக்கத்தில் ஒட்டினால் மொத்த எடையும் வெல்டிங் கோட்டில் தொங்கும். நல்ல வெல்டு தாங்கும். ஆனால் மேலே வழவழவென்று கிரைண்டர் ஓட்டி, பட்டி வைத்து, பெயின்ட் அடித்த வெல்டு உள்ளே பிடித்திருக்கிறதா, வெறும் தோல் மட்டும் ஒட்டியிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது.

மரத்தில் இது இன்னும் முக்கியம். பிளைவுட் கேபினட்டில் மேல் பலகை பக்கப் பலகைகளுக்கு இடையில் மாட்டப்பட்டு, இருபுறமும் நான்கு நான்கு ஸ்க்ரூவில் நிற்கும். அலமாரிக்கு அது சரி. தொட்டிக்கு, ஒவ்வொரு ஸ்க்ரூவும் நாற்பது கிலோவுக்கு மேல் பக்கவாட்டில் சுமக்கிறது, அதுவும் வருடக்கணக்கில். ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ இந்த விசைக்கு வளையாது, டக்கென்று ஒடியும். மேல் பலகை பக்கப் பலகைகளின் தலையில் உட்கார வேண்டும். நடுவில் இரண்டடிக்கு ஒரு செங்குத்துத் தடுப்பு தரை வரை இறங்க வேண்டும். ஸ்க்ரூவும் பசையும் இடம் பிடிக்க மட்டும்.

மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. இரும்பு முதல் நாள் எவ்வளவு தொய்கிறதோ, அதோடு நின்றுவிடும். மரம் நிற்காது. தொடர்ந்து இருக்கும் பாரத்தில் மெதுவாகக் கூடிக்கொண்டே போய், முதல் நாள் தொய்வின் இரண்டு மடங்கு வரை வரலாம். புத்தக அலமாரிப் பலகைகள் வருடங்களில் குழிவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவேதான். எனவே மரத்தில் செய்பவர்கள் முதல் நாள் அளவைப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது.

துகள் பலகை, எம்டிஎஃப் இரண்டும் தொட்டிக்கு அடியில் வேண்டவே வேண்டாம். காய்ந்திருக்கும்போது எடை தாங்கும். ஆனால் தண்ணீர் மாற்றும்போது ஒரு குவளை வழிந்து வெட்டு விளிம்பில் இறங்கினால் ஊதிவிடும், ஊதினால் ஸ்க்ரூ பிடிப்பும் போய்விடும். டிவி ஸ்டாண்ட், ஷூ ரேக் மேல் தொட்டி வைப்பவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். பிளைவுட்டில் ஐஎஸ் 710 (இந்தியத் தரநிலை) முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளை, 18 மி.மீ. வாங்குங்கள். வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றுக்கும், ஃபில்டர் குழாய்க்குப் போட்ட ஓட்டையின் உட்புறத்துக்கும் சேர்த்து, வார்னிஷோ எபாக்சியோ இரண்டு கோட்டிங் பூசுங்கள்.

செங்கல் மேல் கடப்பாக் கல் போட்டுச் செய்யும் மேடையும் நம் ஊரில் நன்றாகவே ஓடுகிறது. கல்லும் கண்ணாடி மாதிரிதான். நசுக்கலாம், வளைக்கக் கூடாது. நான்கடிக்கு மூன்று சுவர் கட்டுங்கள். இரண்டடிக்கு மேல் கல் தொங்கக் கூடாது. ஹாலோ பிளாக் வைத்தால் ஓட்டைகள் மேலும் கீழும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் படுக்க வைத்தால் அதன் பலம் வெகுவாகக் குறைந்துவிடும்.

பந்தல்காரருக்குத் தெரிந்தது

பந்தல் போடுபவர்கள் செங்குத்துக் கழி நட்டு, மேலே குறுக்குக் கழி கட்டியதும் விட்டுவிடுவதில்லை. மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாக ஒரு சவுக்குக் கழி கட்டுவார்கள். சதுரம் எவ்வளவு கனமான கழியில் இருந்தாலும் சாய்ந்து சாய்சதுரமாகும். முக்கோணம் ஆகாது.

தொட்டி ஸ்டாண்டுக்கும் இதேதான். 350 கிலோவை இரண்டரை அடி உயரத்தில் வைத்துவிட்டு, நான்கு கால்களும் மூலை வெல்டிங்கின் தயவில் நின்றால், யாராவது சாயும்போதோ துடைக்கும்போது தள்ளும்போதோ முழு எடையும் ஒரு பக்கம் ஓடப் பார்க்கும். கீழே விழாவிட்டாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தொட்டி கொஞ்சம் முறுக்கப்படுகிறது.

பின்பக்கம் ஒரு சாய்வுப் பைப் போதும், ஒரு இஞ்ச் 16 கேஜே தாராளம். மரக் கேபினட் என்றால் பின்னால் 9 அல்லது 12 மி.மீ. பிளைவுட் முழுப் பலகை, ஆறு இஞ்சுக்கு ஒரு ஸ்க்ரூ. குழாய் விட வேண்டும் என்று அந்தப் பலகையையே பாதி வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இரண்டு இஞ்ச் ஓட்டை போதும், மூலையைத் தொடாமல். முன்பக்கம் ஃபில்டர் எடுக்கத் திறந்திருக்க வேண்டும், எனவே அங்கே மேல் மூலைகளில் நான்கு இஞ்ச் முக்கோணத் தகடு வைத்து வெல்டு அடிக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில், தரையிலிருந்து ஐந்தாறு இஞ்ச் உயரத்தில் ஒரு கீழ்ச் சட்டம்.

கவிழும் கணக்கும் பார்க்க வேண்டும். ஒன்றரை அடி அகலத் தொட்டி, இரண்டரை அடி ஸ்டாண்ட் என்றால், மேல் விளிம்பில் அறுபது கிலோவுக்கு மேல் இழுத்தால்தான் சாயும். ஒரு அடி அகலத் தொட்டியை அதே உயரத்தில் வைத்தால் எடையும் குறைவு, அகலமும் குறைவு, ஒரு குழந்தை விளிம்பைப் பிடித்துத் தொங்கினாலே ஆபத்து. அப்படிப்பட்ட ஸ்டாண்டைப் பின்சுவரில் இரண்டு எல் கிளாம்ப் போட்டுக் கட்டிவிடுங்கள். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஒல்லியான இரண்டடி, மூன்றடி ஸ்டாண்டுகளுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

பட்டறையில் நிற்கும்போது

வெல்டிங் சூடு ஆறும்போது இரும்பை இழுக்கும். ஒரு மூலையை முழுசாக அடித்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் கோணிவிடும். முதலில் எல்லா மூலையிலும் சின்னப் புள்ளி வெல்டு மட்டும். பிறகு டேப் பிடித்து மூலைக்கு மூலை அளக்க வேண்டும். 1200க்கு 450 மி.மீ. சட்டம் என்றால் இரண்டு மூலைவிட்டமும் 1281 அல்லது 1282 மி.மீ. வர வேண்டும். இரண்டுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சுத்தியலால் தட்டிச் சரிசெய்துவிட்டு, அதன்பின் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முழு வெல்டு.

மூலைவிட்டம் சரியாக இருந்தாலும் சட்டம் முறுக்கியிருக்கலாம். ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றின் மட்டத்திலிருந்து தூக்கிக்கொண்டிருக்கும். அதற்கு இரண்டு நூல் எடுத்து, மூலைக்கு மூலை, சட்டத்தின் மேல் பெருக்கல் குறிபோல் இழுத்துக் கட்டுங்கள். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று லேசாகத் தொட வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ, கீழ்நூல் மேல்நூலை அழுத்தித் தூக்கினாலோ முறுக்கு இருக்கிறது. நூல்களை மாற்றிப் போட்டு இன்னொரு முறை பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் தனித்தனியாகப் பார்ப்பதைவிட இதில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

பலகை உட்காரும் முகத்தில் வெல்டு மேடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிரைண்டரில் சமமாக்கச் சொல்லி, விரலால் தடவிப் பாருங்கள். கால்களின் அடி திறந்த பைப்பாக இருந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒன்றரை இஞ்ச் பைப்பின் சுவர் மட்டும் தரையில் நிற்பது, பிஸ்கட் வெட்டும் அச்சை டைல்ஸ் மேல் வைத்து அழுத்துவதுபோல. 3 இஞ்ச் சதுரத்தில் 5 மி.மீ. தகடு ஒவ்வொரு காலுக்கும் அடைத்து வெல்டு அடிக்கட்டும். தரை துடைக்கும்போது பைப்புக்குள் தண்ணீர் ஏறி உள்ளிருந்து துருப்பிடிப்பதும் இதோடு நின்றுவிடும். துரு வெளியில் தெரியும்போது, உள்ளே பாதிச் சுவர் போயிருக்கும். மேல் முனைகளும் அடைபட வேண்டும். ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட்டிங், அதன்மேல் எனாமல். ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு) என்றால் வெல்டு அடித்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும், அங்கே துத்தநாகப் பெயின்ட் போட்ட பிறகுதான் மற்றது. கடல்மீன் தொட்டி வைப்பவர்கள் முடிந்தவரை இரும்பைத் தவிர்த்து மரைன் பிளைக்குப் போவது நல்லது. உப்புத் துளி எந்தப் பெயின்டையும் ஒருநாள் கண்டுபிடித்துவிடும்.

சட்டத்தின் மேல் 18 மி.மீ. பிளைவுட் ஒரே துண்டாக. ஆறு மி.மீ. பலகை போட்டுவிட்டு "பலகை போட்டாச்சு" என்று சொல்வதில் பயனில்லை, அது சட்டத்தின் மேடு பள்ளத்தை அப்படியே மேலே காட்டும். பலகைக்குக் கீழே, ஒவ்வொரு அடி நீளத்துக்கும் ஒரு குறுக்குச் சட்டம்.

தெர்மாகோல் எதற்கு, எதற்கில்லை

பலகையில் ஒட்டிய ஒரு மணல் பருக்கை போதும். அடிக்கண்ணாடிக்கு அது ஊசிமுனை. அந்த ஒரு புள்ளியில் விசை குவிந்து, அங்கிருந்து கீறல் புறப்படும். தெர்மாகோலின் வேலை இப்படிப்பட்ட பருக்கையை விழுங்குவதும், பிளைவுட்டின் மெல்லிய அலையை நிரப்புவதும்தான். அரை இஞ்ச், ஒரே துண்டாக, தொட்டியின் அடி அளவுக்கு. இரண்டு துண்டை ஒட்டவைத்துப் போட்டால் இணைப்பில் மேடோ பள்ளமோ வரும். அடர்த்தி குறைவாக, மணிமணியாக உதிரும் ரகம் வேண்டாம்.

ஸ்டாண்ட் கோணலை, தரைச் சரிவை, 3 மி.மீ. தொய்வைத் தெர்மாகோல் சரிசெய்யாது. ஒரு பக்கம் இரண்டு அடுக்கு போட்டுச் சமாளிப்பது எல்லாவற்றிலும் மோசம். வெளிநாட்டுக் கம்பெனித் தொட்டிகள் சிலவற்றில் அடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் சட்டம் இருக்கும், அடிக்கண்ணாடி தரையைத் தொடாமல் உயர்ந்து நிற்கும். அவற்றுக்குத் தெர்மாகோல் வைக்கக் கூடாது. அந்தச் சட்டம்தான் எடை சுமக்கிறது; தெர்மாகோல் நடுவில் மேலேறி அடிக்கண்ணாடியைத் தவறான திசையில் தள்ளும்.

தரை

நம் வீட்டுத் தரைகள் மட்டமாக இருப்பதில்லை. கழுவிவிடும் தண்ணீர் ஓட வேண்டுமென்று சரிவு வைத்தே போடுவார்கள். ஸ்டாண்டை வைத்துவிட்டு, தண்ணீர் நிரப்பிய டியூபை எடுத்து நான்கு மூலையிலும் மட்டம் பாருங்கள். எந்தக் கால் தாழ்ந்திருக்கிறதோ அதற்கு அடியில் இரும்புத் தகடு அல்லது துருப்பிடிக்காத பேக்கிங், அடித்தகட்டின் முழு அளவுக்கு. மடித்த அட்டை, மர ஆப்பு, பாட்டில் மூடி எல்லாம் நசுங்கும். ஆறு கால் என்றால் ஆறும் தரையைத் தொட வேண்டும். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள்; நுழைந்தால் அந்தக் கால் அலங்காரத்துக்கு நிற்கிறது. பேக்கிங் தகடு வைப்பது முதலில், ஸ்டாண்ட் மேல் தொட்டி ஏறுவது பிறகு.

கால் வரும் இடத்து டைல்ஸை நாணயத்தால் தட்டுங்கள். "டொப்" என்று வெற்றொலி வந்தால் அடியில் சிமென்ட் பிடிக்கவில்லை, அந்த டைல்ஸ் உடையும்.

மாடி வீட்டில் கேள்வி பெரிதாகிறது. குடியிருப்பு அறைகளுக்கு, கட்டடப் பாரங்களுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ. நம் தொட்டி தன் காலடிப் பரப்பில் சதுர மீட்டருக்கு 650 கிலோ அழுத்துகிறது. உடனே பயப்பட வேண்டாம். அந்த 200 என்பது அறை முழுவதும் பரவிய பாரம். கான்கிரீட் தளம் ஒரு மூலையின் எடையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். நான்கடித் தொட்டியைச் சுவரோரமாக, பீமுக்குப் பக்கத்தில் வைத்தால் நல்ல கான்கிரீட் தளத்துக்கு அது பாரமே இல்லை. அறையின் நடுவில் வைக்காதீர்கள். சுவருக்கு வெளியே நீட்டிய பால்கனியில் வைக்கவே கூடாது. ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடித் தொட்டி என்றால் கிட்டத்தட்ட ஒரு டன் என்பதை நினைவில் வைத்து, கட்டட இன்ஜினியரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், மரக்கட்டை உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மாடித்தளத்தில், நான்கடித் தொட்டிக்கும் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கட்டைகளின் சுவருக்குள் போகும் முனை எந்த நிலையில் இருக்கிறது என்பது வெளியே தெரியாது.

நிரப்பும் நாள்

ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு நிரப்பி நிறுத்துங்கள். தொட்டியின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை நான்கு மூலையிலும் ஸ்கேல் வைத்து வெளியிலிருந்து அளந்து, ஒரு தாளில் எழுதுங்கள். இடது முன், வலது பின் இரண்டையும் கூட்டுங்கள். வலது முன், இடது பின் இரண்டையும் கூட்டுங்கள். இரண்டு கூட்டுத்தொகையும் சமமாக வந்தால், தொட்டி சாய்ந்திருக்கலாமே தவிர முறுக்கவில்லை. நான்கடியில் மூன்று மி.மீ. வரை சாய்வு கண்ணுக்கு உறுத்தலாம், கண்ணாடிக்கு உறுத்தாது. கூட்டுத்தொகைகள் வேறுபட்டால் முறுக்கு இருக்கலாம், அல்லது கண்ணாடி வெட்டும்போதே ஒரு மி.மீ. கூடக் குறைய வந்திருக்கலாம். அதைப் பிரிப்பது எளிது: பாதி நிரப்பியதும் மறுபடி அளங்கள், முழுதும் நிரப்பியதும் இன்னொரு முறை. வெட்டுப் பிழை என்றால் வித்தியாசம் மாறாமல் நிற்கும். எடை ஏற ஏற வித்தியாசமும் ஏறினால் ஸ்டாண்டின் ஒரு மூலை இறங்கிக்கொண்டிருக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நடுத் தொய்வுக்கு ஒரு விசிட்டிங் கார்டு. நீளவாட்டத்தின் நடுவில், தொட்டிக்கும் தெர்மாகோலுக்கும் இடையில், பிறகு பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் நுழைத்துப் பாருங்கள். எங்கேயும் நுழையக் கூடாது.

சரிசெய்ய வேண்டியிருந்தால் தண்ணீரை இறக்குங்கள். இரண்டு இஞ்ச் மட்டும் விட்டு மிச்சத்தை வடித்துவிட்டுத்தான் பேக்கிங் தகட்டில் கை வைக்க வேண்டும். நிறைந்த தொட்டியின் ஒரு மூலையைக் கடப்பாரையாலோ ஜாக்கியாலோ அரை நூல் தூக்குவது, அவ்வளவு நாள் பயந்துகொண்டிருந்த முறுக்கை நாமே ஒரே நொடியில் கொடுப்பது. மீன்களை வாளிக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

முழுக்க நிரப்பி ஒரு நாள் மீன் இல்லாமல் விட்டு, மறுநாள் காலையில் அந்த நான்கு அளவையும் மீண்டும் எடுங்கள். ஆவியானதால் நான்கும் ஒரே அளவு கூடியிருக்கும், கூட்டுத்தொகை வித்தியாசம் மாறியிருக்கக் கூடாது. மர ஸ்டாண்ட் என்றால் ஒரு மாதம் கழித்து ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை. அந்தத் தாளைக் கேபினட் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்துவிடுங்கள், அடுத்த முறை அளக்கும்போது தேட வேண்டியதில்லை.